கணைய அழற்சி: நோயாளிகளும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் திடீரென வரும் கணைய அழற்சியைப் பற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்து கைப்பேசியில் படிப்பவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அழற்சி வந்தால் கணையத்தில் என்ன நடக்கிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் சுரப்பி. நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். தலைப்பக்கம் சிறுகுடலின் முதல் வளைவுக்குள் அமர்ந்திருக்கும், வால்பக்கம் மண்ணீரலை நோக்கி நீளும். இன்சுலின் போன்ற ஹார்மோன்களை ரத்தத்தில் விடுவது அதன் ஒரு வேலை. சாப்பாட்டைச் செரிக்கும் நீரை நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குக் குடலில் விடுவது இன்னொரு வேலை.

அந்த நீரில் உள்ள என்சைம்கள் சதையையும் கொழுப்பையும் கரைக்கும் வலு உள்ளவை. அதனால் கணையம் அவற்றைத் தூங்கும் நிலையில்தான் தயாரிக்கிறது. குடலுக்குள் போன பிறகே அவை விழித்துக்கொள்ளும். கணைய அழற்சியில் டிரிப்சின் என்ற என்சைம் கணைய செல்லுக்குள்ளேயே விழித்து, மற்ற என்சைம்களையும் எழுப்பிவிடுகிறது. சாப்பாட்டைச் செரிக்க வேண்டியது கணையத்தையே செரிக்கத் தொடங்குகிறது. 1896-இல் ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்கூறு மருத்துவர் இதைத் 'தன்னைத் தானே செரித்தல்' என்றே விளக்கினார்.

கசியும் லிபேஸ் என்ற என்சைம் சுற்றியுள்ள கொழுப்பை உடைக்கும். உடைந்த கொழுப்பு அமிலம் ரத்தத்தில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திட்டுகளாகப் படியும். எண்ணெயிலிருந்து சோப்பு உண்டாவதும் இதே வினைதான். தீவிர நோயில் ரத்தக் கால்சியம் குறைந்து, வாயைச் சுற்றி மதமதப்பும் கைவிரல் இழுப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலி எப்படி இருக்கும்? கேஸ் வலி என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நம் ஊரில் இந்த நோய்க்கு ஏற்படும் தாமதத்தில் பெரும்பங்கு 'வாயு பிடித்திருக்கிறது' என்ற நினைப்பால் வருவதுதான்.

வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே, மேல்வயிற்றின் நடுவில் தொடங்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். விட்டுவிட்டு வராது, மணிக்கணக்கில் தொடரும். பலருக்கு முதுகுக்குப் பாயும். மல்லாக்கப் படுக்க முடியாது, முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலையாக இருக்கும். வாந்தி வரும், ஆனால் வாந்தி எடுத்த பிறகும் வலி குறையாது. ஏப்பம் விட்டதும் அடங்கும் வலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இடத்தில் பிடித்துவிடலாம்.

ஓமத்தண்ணீர், சோடா, ஜெல் மருந்து என்று முயன்றும் ஒரு மணி நேரத்தில் அசையாத மேல்வயிற்று வலி என்றால் கிளம்பிவிடுங்கள். வேர்த்துக் கொட்டினாலோ மயக்கம் வந்தாலோ அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இதே இடத்தில் மாரடைப்பும் வலி தரும். அதனால் அவசரப் பிரிவில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தால் 'வயிற்று வலிக்கு எதற்கு ஈ.சி.ஜி.' என்று தகராறு செய்யாதீர்கள்.

கிளம்பும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். பழைய வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அவசியம் எடுங்கள். 'பித்தப்பையில் சிறு கல், தொந்தரவில்லை' என்று இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதிய ஒரு வரி நோயின் காரணத்தையே சொல்லிவிடும். வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். பக்கத்து கிளினிக்கில் வலி ஊசி ஒன்று போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது ஆபத்தானது. வலி மட்டும் மறையும், உள்ளே நடப்பது நிற்காது.

குடிப்பழக்கம் இருந்தால் கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு என்று உள்ளபடி சொல்லுங்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கைநடுக்கம் தொடங்கலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல், வலிப்பு வரை போகலாம். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்தும் தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போட்டுத் தடுக்க முடியும். உறவினர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இந்த நோய் எதனால் வருகிறது?

பித்தப்பைக் கல்லும் மதுவும் முதல் இரண்டு காரணங்கள். பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டில் ஒன்றில் அடங்குவார்கள்.

பித்தநாளமும் கணையநாளமும் குடலுக்குள் திறக்கும் இடம் பெரும்பாலோருக்கு ஒரே சின்ன வாசல்தான். பித்தப்பையிலிருந்து நழுவி வரும் கல் அந்த வாசலில் சிக்கினால் கணைய நீரும் தேங்கிவிடுகிறது. 1901-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் யூஜீன் ஓப்பி ஒரு பிரேதப் பரிசோதனையில் அந்த வாசலில் சிக்கிய சிறு கல்லைக் கண்டு இந்தத் தொடர்பை எழுதினார். நினைவில் வைக்க வேண்டியது, பெரிய கல்லைவிடச் சின்னக் கல்தான் இதில் ஆபத்து. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் எளிதாக நழுவி நாளத்துக்குள் இறங்கும். 'கல் சின்னதுதானே' என்ற ஆறுதலை இந்த நோய் வந்தவருக்குச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 1,000 மில்லிகிராமுக்கு மேல் ஏறுவது. கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், பரம்பரைக் கோளாறு, மது மூன்றும் இதை ஏற்றிவிடும். இவர்களுடைய ரத்தத்தைக் குழாயில் வைத்தால் மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் பால்போல வெள்ளையாக நிற்கும். பட்டினி கிடந்தால் இந்த அளவு ஒன்றிரண்டு நாளில் வேகமாக இறங்கிவிடும் என்பதால், சேர்ந்த அன்றே இதைப் பார்த்துவிட வேண்டும்.

மீதி: ரத்தத்தில் கால்சியம் கூடுவது (பெரும்பாலும் பாராதைராய்டு கட்டி), அசாத்தியோபிரின், வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள், பித்தநாளத்துக்குள் எண்டோஸ்கோப் விடும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சை, பொன்னுக்கு வீங்கி, வயிற்றில் பலமான அடி, ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷம், நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தைத் தாக்கும் வகை. சிலருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை.

எவ்வளவு குடித்தால் வரும்?

தினம் 50 கிராம் ஆல்கஹாலுக்கு மேல், 5 ஆண்டுகளுக்கு மேல் என்பது மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் எல்லை. நம் கணக்குக்கு மாற்றினால், ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் 77 மில்லி ஆல்கஹால் இருக்கும், எடையில் சுமார் 60 கிராம். தினம் ஒரு குவார்ட்டர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. 'அளவாகத்தான் குடிக்கிறேன்' என்று சொல்பவர்களில் பலருடைய அளவு இதுதான். பிராந்தியை விட்டுப் பீருக்கு மாறினாலும் கணையத்துக்கு ஒன்றுதான். எந்த வழியில் போனாலும் உள்ளே போவது அதே ஆல்கஹால்.

புகை தனியாகவே ஒரு காரணம். குடியோடு சேர்ந்தால் கேடு கூடுகிறது. குடியை நிறுத்திவிட்டு பீடி, சிகரெட்டைத் தொடர்பவருக்கு ஆபத்து முழுதாக நீங்குவதில்லை.

லிபேஸ் 1,800 என்று வந்திருக்கிறது. ரொம்ப மோசமா?

அந்த எண் நோய் இருப்பதைச் சொல்கிறது, எவ்வளவு மோசம் என்பதைச் சொல்லாது. லிபேஸ் 3,000 வந்தவர் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம், 400 வந்தவர் ஐ.சி.யூ.வில் இருக்கலாம். வீட்டார் இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்தப் பயம் தேவையில்லை.

நோயை உறுதி செய்ய மூன்றில் இரண்டு வேண்டும்: இந்த நோய்க்கே உரிய வலி, ரத்தத்தில் லிபேஸ் அல்லது அமிலேஸ் (இன்னொரு கணைய என்சைம்) மேல்வரம்பைப்போல மூன்று மடங்குக்கு மேல், ஸ்கேனில் அழற்சியின் அடையாளம். உங்கள் லேபில் லிபேஸின் மேல்வரம்பு 60 என்றால் 180-ஐத் தாண்ட வேண்டும். லேபுக்கு லேப் வரம்பு மாறும், ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

அமிலேஸ் மூன்று முதல் ஐந்து நாளில் இயல்புக்கு வந்துவிடும். லிபேஸ் ஒன்று, இரண்டு வாரம் வரை உயர்ந்திருக்கும். தாமதமாக வருபவர்களுக்கு லிபேஸ்தான் கைகொடுக்கும். டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் அமிலேஸ் பொய்யாகக் குறைவாகக் காட்டலாம். சிறுநீரகச் செயலிழப்பில் கணைய நோயே இல்லாமல் இரண்டும் கூடியிருக்கலாம். நோய் உறுதியான பிறகு தினமும் லிபேஸ் எடுப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை, அது வீண் செலவு.

முதல் நாளே சி.டி. எடுத்தால் என்ன?

முதல் நாள் எல்லோருக்கும் எடுக்க வேண்டியது சாதாரண அல்ட்ராசவுண்ட். பித்தப்பையில் கல் உண்டா, பித்தநாளம் விரிந்திருக்கிறதா என்று அது காட்டும். கல்லீரல் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்ற என்சைம் 150-க்கு மேல் இருந்தாலும் கல்தான் காரணம் என்று பலமாகச் சந்தேகிக்கலாம்.

சி.டி.யில் பார்க்க வேண்டியது கணையத்தின் எந்தப் பகுதி ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போயிருக்கிறது என்பதை. அது தெளிவாகத் தெரிய மூன்று நான்கு நாளாகும். முதல் நாள் எடுத்த படம் 'பரவாயில்லை' என்று காட்டி ஏமாற்றிவிடும், திரும்பவும் எடுக்க வேண்டி வரும். நோய் இதுதானா என்ற சந்தேகம் இருந்தால், குடல் ஓட்டை போன்ற வேறு ஆபத்தை விலக்க வேண்டியிருந்தால், முதல் நாளே எடுப்பது சரி.

தீவிரத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு என்ற உலக அளவிலான வரையறை இருக்கிறது. உறுப்பு எதுவும் செயலிழக்காமல், கணையத்தைச் சுற்றி நீர்க்கட்டு போன்ற சிக்கல் இல்லாமல் இருந்தால் லேசான வகை. பத்தில் எட்டுப் பேர் இதில் அடங்குவார்கள், ஒரு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். உறுப்புச் செயலிழப்பு வந்து 48 மணி நேரத்துக்குள் சரியானாலோ, நீர்க்கட்டு போன்றவை இருந்தாலோ இடைப்பட்ட வகை. நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் இவற்றில் ஏதாவது 48 மணி நேரத்தைத் தாண்டியும் தடுமாறினால் தீவிர வகை. உயிரிழப்பு பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான்.

அதனால்தான் முதல் இரண்டு நாள் எந்த மருத்துவரும் 'பயமில்லை' என்று உறுதி சொல்லத் தயங்குவார். மறைக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

கட்டிலருகே இருக்கும் நீங்களே சிலதைக் கவனிக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல் போகிறதா, நாடி 90-க்கு மேலேயே நிற்கிறதா, பேச்சு குழறுகிறதா, சிறுநீர்ப் பையில் மணிக்கு எவ்வளவு சேர்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். தொப்புளைச் சுற்றியோ விலாப் பக்கத்திலோ நீலம் பாரித்தால் உள்ளே ரத்தக் கசிவு என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள்.

ட்ரிப்ஸ்தான் மருந்தா? இவ்வளவு பாட்டில் ஏன்?

கணையத்தைக் குணப்படுத்தும் தனி மருந்து இன்றுவரை இல்லை. முதல் நாளில் உயிரைக் காப்பது சரியான அளவு நரம்புவழி நீர்தான். அழற்சியால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். ரத்தம் கெட்டியாகி, கணையத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஓட்டம் குறையும். பலருக்கும் ஏற்றது ரிங்கர் லாக்டேட். கால்சியம் கூடியதால் வந்த நோய்க்கு மட்டும் அது வேண்டாம், அதில் கால்சியம் உண்டு. அவர்களுக்கு நார்மல் சலைன்.

அளவில் மருத்துவ உலகின் கருத்தே மாறியிருக்கிறது. முன்பு எவ்வளவு வேகமாக ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நம்பினார்கள். 2022-இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வில் வேகமாக ஏற்றிய குழுவில் 20.5 சதவீதம் பேருக்கும், மிதமாக ஏற்றிய குழுவில் 6.3 சதவீதம் பேருக்கும் உடலில் நீர் மிகுந்துபோனது. வேகமாக ஏற்றியதால் நன்மையும் கூடவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். மிதமான அளவு என்பது மணிக்குக் கிலோவுக்கு 1.5 மில்லி. உடல் வறண்டு வந்திருந்தால் முதலில் கிலோவுக்கு 10 மில்லி தனியாக ஏற்றுவார்கள். 60 கிலோ எடைக்கு முதலில் 600 மில்லி, பிறகு மணிக்கு 90 மில்லி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி, சிறுநீர், யூரியா பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும் நடக்க வேண்டும். பாட்டிலைத் தொங்கவிட்டுவிட்டு மறுநாள் காலை ரவுண்ட்ஸில் பார்ப்பது இந்த நோய்க்குப் போதாது.

மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ, படுத்தால் இருமல் வந்தாலோ செவிலியரிடம் சொல்லுங்கள். சொட்டு வேகத்தை நீங்களாகத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வலிக்குப் பலமான ஊசி போட்டால் கெடுதலா?

இல்லை. மார்ஃபின் கணைய வாசலை இறுக்கும் என்ற பழைய அச்சத்துக்கு நோயாளிகளிடம் ஆதாரம் கிடைக்கவில்லை. பாராசிட்டமால், டிரமடால், ஃபென்டனில், மார்ஃபின் எதுவாகவும் இருக்கலாம். வலி அடங்கினால்தான் ஆழமாக மூச்சு இழுக்க முடியும், இல்லாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும். டைக்லோஃபெனாக் போன்றவற்றை உடல் வறண்டிருக்கும்போது தவிர்ப்பது சிறுநீரகத்துக்கு நல்லது.

எத்தனை நாள் பட்டினி?

கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வாரக்கணக்கில் பட்டினி போடுவது பழைய முறை. அது தவறு என்று இப்போது தெரிந்திருக்கிறது. சாப்பாடு போகாத குடலின் சுவர் பலவீனமாகி, அங்குள்ள பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைந்து செத்த கணையத் திசுவில் போய்த் தங்குகிறது. வாந்தி நின்று பசி எடுத்தால், லேசான நோயில் 24 மணி நேரத்திலேயே சாப்பாடு தொடங்கலாம். லிபேஸ் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

முதலிலேயே கஞ்சித் தண்ணீர், பிறகு நாலு நாள் கழித்து இட்லி என்று படிப்படியாகப் போகும் அவசியமும் இல்லை. குழைந்த சாதமும் ரசமும், இட்லி, இடியாப்பம், ஆடை நீக்கிய மோர், வேகவைத்த காய் என எண்ணெய் இல்லாத மென்மையான உணவை நேரடியாகக் கொடுக்கலாம். தேங்காய்ச் சட்னி வேண்டாம், 100 கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு முறை கொடுங்கள். வலி திரும்பினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், மறுநாள் மறுபடி முயலலாம்.

மூன்று நான்கு நாளாகியும் வாயால் சாப்பிட முடியாதவருக்கு மூக்கு வழிக் குழாய் போடுவார்கள். பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் சம்மதியுங்கள். நரம்பு வழியாகச் சத்து ஏற்றுவதைவிடக் குடல் வழியே கொடுப்பதில் தொற்றும் உயிரிழப்பும் குறைகின்றன.

காய்ச்சல் இருக்கிறது, ஆனால் ஆன்டிபயாடிக் போடவில்லையே?

முதல் வாரக் காய்ச்சல் பெரும்பாலும் அழற்சியின் சூடு, கிருமியால் வந்ததல்ல. முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் போடுவதால் தொற்று தடுக்கப்படுவதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமியும் பூஞ்சையும் வளர்வதுதான் மிச்சம். பித்தநாளத்தில் சீழ், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, செத்த திசுவில் தொற்று இவற்றுக்குத்தான் தேவை. தேறிவந்தவருக்கு இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புதிதாகக் காய்ச்சல் ஏறினால் கதை வேறு. அப்போது சி.டி.யில் கணையப் பகுதியில் காற்றுக் குமிழி தெரிந்தால் தொற்று ஏறக்குறைய உறுதி.

கல் அடைத்திருந்தால் உடனே ஈ.ஆர்.சி.பி. செய்ய வேண்டுமா?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தால், அதாவது பித்தநாளத்தில் தொற்று இருந்தால், 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். நாளத்தில் கல் அடைத்தபடியே இருந்தாலும் தேவைப்படும். இந்த இரண்டும் இல்லாதவருக்கு அவசரமாகச் செய்வதால் லாபமில்லை, பெரும்பாலான சிறு கற்கள் தானாகவே குடலுக்குப் போய்விடும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனோ (பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் காட்டும் எம்.ஆர்.ஐ.) எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டோ எடுத்துப் பார்க்கலாம். ஈ.ஆர்.சி.பி.யே சிலருக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். செய்ய நேர்ந்தால், ஆசனவாய் வழியே 100 மில்லிகிராம் இண்டோமெதசின் அல்லது டைக்லோஃபெனாக் வைப்பது அந்த ஆபத்தைக் குறைக்கும். அதைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

வலி போய்விட்டது. பித்தப்பையை இரண்டு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாமா?

லேசான நோய் என்றால் வீட்டுக்குப் போவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நாங்கள் அழுத்திச் சொல்லும் பதில் இது. 2015-இல் வெளியான பொன்சோ ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. அதே சேர்க்கையில் அறுவை செய்துகொண்டவர்களில் 5 சதவீதம் பேருக்கும், சுமார் ஒரு மாதம் தள்ளிப்போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கும் கல் தொடர்பான தொந்தரவு மறுபடி வந்தது. முதல் முறை லேசாக வந்தது, அடுத்த முறையும் லேசாகத்தான் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தையில் கல்யாணம், மாசியில் பரீட்சை என்று தள்ளும் வீடுகளில்தான் இரண்டாவது சேர்க்கை நடக்கிறது.

கணையத்தைச் சுற்றி நீர் தேங்கியிருந்தால் மட்டும் அது வடியும் வரை, வழக்கமாக ஆறு வாரம், பொறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் எண்ணெய்ப் பலகாரம் தவிருங்கள்.

'ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியேறும்' என்ற வைத்தியம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வரும். அவை பித்தக்கல் அல்ல, குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டது. எண்ணெய் அதிகமாகப் போனால் பித்தப்பை பலமாகச் சுருங்கி, உள்ளிருக்கும் உண்மையான கல்லை நாளத்துக்குள் தள்ளிவிடலாம். செய்யாதீர்கள்.

டிரைகிளிசரைடால் வந்தால் சிகிச்சை வேறா?

நீரும் வலி மருந்தும் அதேதான். கூடவே இன்சுலினைத் தொடர் சொட்டாக ஏற்றி, சர்க்கரை தாழாமல் டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்து, அளவை 500-க்குக் கீழே கொண்டுவருவார்கள். சிலருக்கு ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றுவதும் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, மதுவை அறவே விடுதல் மூன்றும் சேர்ந்தால்தான் மறுபடி வராது. உடன்பிறந்தவர்களும் ஒருமுறை வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

ஸ்கேனில் 'நெக்ரோசிஸ்' என்று இருக்கிறது. உடனே ஆபரேஷன் வேண்டாமா?

நெக்ரோசிஸ் என்றால் கணையத்தின் ஒரு பகுதியோ சுற்றியுள்ள கொழுப்போ செத்துவிட்டது. கேட்டதும் அறுத்து எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் முதல் வாரங்களில் செத்ததும் உயிருள்ளதும் சேறுபோலக் கலந்து கிடக்கும். கை வைத்தால் ரத்தப்போக்கு நிற்காது. நான்கு வாரம் போனால் உடலே அதைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொள்ளும், உள்ளே இருப்பது நீர்த்துப்போகும். அப்போது வடிப்பது பலமடங்கு பாதுகாப்பு. தொற்று இல்லாத, தொந்தரவு தராத நெக்ரோசிஸை எதுவும் செய்யாமலே விடலாம்.

தொற்று வந்தாலும் படிப்படியாகவே போவார்கள். முதலில் ஆன்டிபயாடிக். 2021-இல் வெளியான பாயின்டர் ஆய்வில், வடிப்பதைத் தள்ளிவைத்தவர்களில் 39 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக்கிலேயே தேறினார்கள். அது போதாவிட்டால் தோல் வழியே குழாய், அல்லது எண்டோஸ்கோப்பி மூலம் இரைப்பைச் சுவரில் துளையிட்டு உலோக ஸ்டென்ட். அதற்கும் அடங்காவிட்டால்தான் செத்த திசுவை அகற்றுவது. அந்த ஸ்டென்டை மூன்று நான்கு வாரத்தில் எடுத்துவிட வேண்டும், நாள் கடந்தால் ரத்தக் குழாயை அரித்து ரத்தப்போக்கு வரலாம். எடுக்க வேண்டிய தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'சூடோசிஸ்ட்' என்பது வெறும் நீர் தேங்கிய பை. அளவு பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தொட வேண்டியதில்லை. வலி, வாந்தி, அடைப்பு, தொற்று இருந்தால் வடிப்பார்கள்.

கர்ப்பிணிக்கு வந்தால்?

பெரும்பாலும் பித்தக்கல்தான் காரணம். அல்ட்ராசவுண்டும், மருந்து செலுத்தாத எம்.ஆர்.சி.பி.யும் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. பித்தப்பையை எடுக்க ஏற்ற காலம் நான்கிலிருந்து ஆறாவது மாதம்.

இளம் வயதில், குடியும் கல்லும் இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறதே?

அது நாட்பட்ட கணைய நோயின் தொடக்கமாக இருக்கலாம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நெடுநாளாகக் காணப்படும் ஒரு வகையில் சிறுவயதிலேயே வயிற்று வலி தொடங்கி, கணையநாளத்துக்குள் கற்கள் படிந்து, வாலிபத்தில் சர்க்கரை நோயும் வருகிறது. கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளை ஆராய்ந்து இதை விரிவாகப் பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்கின் மேல் நெடுங்காலம் பழி போடப்பட்டது, அது நிறுவப்படவில்லை. இவர்களில் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. டிரிப்சின் தவறான இடத்தில் விழித்தால் அதை அடக்க வேண்டிய புரதத்தை உண்டாக்கும் மரபணு அது.

40 வயதைத் தாண்டியவருக்கு முதல்முறையாக, காரணமே தெரியாமல் வந்தால் கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

குணமான பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சர்க்கரை. லேசாக வந்து போனவருக்கும் பின்னாளில் சர்க்கரை நோய் வரக்கூடும். மூன்றாவது மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள்.

அடுத்து மலம். கழிப்பறையில் மிதந்து, பிசுபிசுவென்று ஒட்டி, இரண்டு வாளி ஊற்றினாலும் எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால், எடையும் குறைந்தால், கணைய என்சைம் போதவில்லை. அதற்குக் காப்ஸ்யூல் உண்டு. பெரியவருக்கு முக்கியச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லிபேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ எடுத்தால் பயனில்லை. முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று என்று சாப்பாட்டோடு சேர்ந்து போக வேண்டும். மெல்லக்கூடாது. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது, மார்க்கத்தின்படி தயங்குபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளட்டும்.

மதுவால் வந்தவருக்கு 'இனி குறைத்துக்கொள்கிறேன்' போதாது, முழுக்க நிறுத்த வேண்டும். மனத்திடம் மட்டும் பலருக்குப் போதுவதில்லை. டிஸ்சார்ஜுக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், அதற்கென மருந்துகள் இருக்கின்றன.

டிஸ்சார்ஜ் தாளில் என்ன பார்க்க வேண்டும்? எப்போது திரும்ப ஓடி வர வேண்டும்?

'காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் கேளுங்கள். டிரைகிளிசரைடு, கால்சியம் பார்த்தார்களா, பித்தப்பை ஸ்கேன் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். முதல் அல்ட்ராசவுண்டில் குடல் காற்று மறைத்துக் கல் தெரியாமல் போயிருக்கலாம், வயிற்று உப்புசம் வடிந்த பிறகு இன்னொரு முறை எடுப்பது நல்லது.

வலி திரும்பினால், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் (ஃபாரன்ஹீட்டில் 100.4) காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளித்தால், எதைச் சாப்பிட்டாலும் வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால் அன்றே வாருங்கள். ரத்த வாந்தியோ தார்போலக் கறுத்த மலமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கணையத்தை ஒட்டிய ரத்தக் குழாய் புடைத்து வெடித்திருக்கலாம். ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோவும் குழாய் வழியே ரத்தக்கசிவை அடைக்கும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள், டிஸ்சார்ஜ் தாளும் கடைசி ஸ்கேன் படமும் கையில் இருக்கட்டும்.